பதினெட்டுக் கொண்டைகளின் நிறம்

"செத்துக் கிடந்த கோழிகளுக்குக் கொண்டை என்ன நெறத்துல இருந்துச்சு?"

மூசா இப்படிக் கேட்டபோது ராமுத்தாய்க்கு அந்த அழுகையிலும் எரிச்சல்தான் வந்தது. இழவு வீட்டுக்கு வந்தவர், செத்தவள் என்ன சேலை கட்டியிருந்தாள் என்று விசாரிப்பதைப் போல இருந்தது. பதினெட்டு உயிர் போயிருக்கிறது. இந்த மனுசர் கொண்டையின் நிறத்தைக் கேட்கிறார்.

"கொண்டை கொண்டை நெறத்துலதான் இருந்துச்சு," என்றாள்.

"கருத்திருந்துச்சா?"

"இல்லண்ணே. செவசெவன்னு இருந்துச்சு. உசுரோட இருக்கையில கூட அப்படிச் செவந்து நான் பாத்ததில்ல."

மூசா கையில் இருந்த காலி முட்டைக்கூடையைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

எழுபத்தெட்டாம் வருசத்து ஐப்பசி அது. மூசா போடியில் முட்டைக் கடை வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை தோறும் வெள்ளைத்துரையின் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருக்கிற லயங்களில் முட்டையும் சேவலும் வாங்கி, வைக்கோல் பரப்பிய கூடைகளில் அடுக்கிக்கொண்டு, மூடுபனி ரோட்டை மறைப்பதற்குள் இறங்கிவிடுவார். அதிகம் பேச மாட்டார். முட்டையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பது போல, பேசுகிற ஆளையும் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் பேசாமல் விட்டதையெல்லாம் வெள்ளைத்துரை பேசுவான்.

"மாமா, இது பாம்புதான்," என்றான் வெள்ளைத்துரை, ஜீப்பிலிருந்து இறங்குவதற்கு முன்பே.

"பதினெட்டையும் கடிச்சுப்புட்டு ஒன்னைக்கூட முழுங்காமப் போற பாம்பு எந்தூர்ல இருக்கு மாப்ளே?"

"அப்ப மரநாய்."

"மரநாய் வந்தா கழுத்து இருக்காது. நீ செத்த நேரம் சும்மா இரு. சொல்லு தாயி, மொதல்ல இருந்து சொல்லு."

ராமுத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

லயத்தில் ஒரே சுவரில் பத்து அறைகள். ஏழாவது அறை அவளுடையது. அறைக்குப் பின்னால் பலகைக் கூடு. எட்டுப் பெட்டைகள், ஒரு சேவல், ஆடிக் கடைசியில் பொரித்த குஞ்சுகளில் மிஞ்சிய பத்து. பதிமூன்று முட்டைகளைப் பொறுக்கி எடுத்து, இடி விழுந்தால் கெட்டுப்போகுமென்று கூடையில் ஒரு ஆணியும் கரித்துண்டும் போட்டு, செவலைக் கோழியை அடை வைத்தாள். பதினொன்று பொரித்தன. ஒன்றைப் பருந்து தூக்கியது. மற்ற பத்தையும் பகலில் பஞ்சாரக் கூடைக்குள் போட்டு, குடிக்கிற தண்ணீரில் மஞ்சள் கலந்து, கூட்டுக்குள் சாம்பல் தூவிப் பேன் விழாமல் பார்த்து, இரண்டரை மாதத்தில் பெரிய கோழிகளோடு சேர்ந்து அடைகிற அளவுக்கு ஆளாக்கியிருந்தாள். போன மாதம்தான் கால்நடை ஆஸ்பத்திரி ஆள் வந்து எல்லாவற்றுக்கும் கழிச்சல் ஊசி போட்டுவிட்டுப் போனார். ஐஸ் வைத்த பிளாஸ்க்கில் மருந்தைச் சுமந்து வந்தது மூசாவேதான்.

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்தே மழை. பொழுது சாய அவள் கோழிகளை எண்ணி அடைத்தாள். கூட்டின் தகரத்தில் ஓட்டை. அதை அடைக்கச் சொல்லி ஒரு வாரமாகப் புருசன் மொக்கையனிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துப் போயிருந்தது. அன்றைக்கு இருட்டிய பிறகுதான் அவன் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரிலிருந்து வந்தான். ஏலக்காய் மூட்டைகளைப் போர்த்துகிற தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து, கூட்டைச் சுற்றி இழுத்துக் கட்டிவிட்டு வந்து படுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து அவள் தார்ப்பாயை விலக்கிக் கூட்டைத் திறந்தபோது ஒன்றும் இறங்கி வரவில்லை. சேவல் கூவாததை அப்போதுதான் நினைத்தாள். உள்ளே கையை விட்டாள்.

"கோழி விறைச்சுக் கெடந்துச்சா?" என்றார் மூசா.

"கட்டையா விறைச்சுக் கெடந்துச்சுண்ணே. ஆனா கூட்டுக்குள்ள கதகதன்னு இருந்துச்சு. அந்தச் சூட்டை நம்பித்தான் ஒவ்வொன்னா எடுத்து உலுக்குனேன். ஒன்னுகூட கண்ணைத் தெறக்கல. நொண்டிக் குஞ்சு ஒன்னு மட்டும் மூலையில மயங்கிக் கெடந்துச்சு. வெளிய போட்டதும் பொழச்சுக்கிருச்சு."

"எப்படிக் கெடந்துச்சுக? றெக்கையை விரிச்சு, அங்கொன்னு இங்கொன்னா?"

"அடைஞ்ச எடத்துலயே. தூங்குற மாதிரி ஒன்னையொன்னு ஒட்டிக்கிட்டு."

"அப்புறம்?"

அப்புறம் நடந்ததைச் சொல்ல ராமுத்தாய்க்குக் குரல் வலுத்தது. பக்கத்து அறை அன்னக்கொடிதான் மருந்து வைத்தாள். போன வாரம் கோழிகள் அவளுடைய கொத்தமல்லிப் பாத்தியைக் கிளறிவிட்டன. "ஒருநாளைக்கு மொத்தமா மண்ணுக்குள்ள போகப்போகுதுக பாரு," என்று அவள் சொன்னதைத் தண்ணீர்க் குழாயில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். அன்னக்கொடிக்கு நாற்றங்காலில் பூச்சிமருந்து கலக்குகிறவர்களுக்குத் தண்ணீர் சுமக்கிற வேலை. கங்காணி பால்சாமி அவள் அறையைச் சோதித்தபோது கதவு மூலையில் மருந்து டின் ஒன்று அகப்பட்டது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

"நேத்தே தீர்ப்புச் சொல்லிட்டாரு. மருந்து வைக்கிற கையை லயத்துல வச்சுக்கிற முடியாது. இன்னைக்கு உங்க ஜீப்புலயே எறங்கிறணும்னு."

"ஆமா மாமா," என்றான் வெள்ளைத்துரை. "எனக்கு இன்னைக்கு ஆள் லோடு ஒன்னு இருக்குன்னு கங்காணி சொன்னாரு. இதுதானா?"

மூசா கொஞ்ச நேரம் ராமுத்தாயைப் பார்த்தார். "அவளுக்குப் போக எடம் இருக்கா?"

ராமுத்தாய்க்கு அது தெரியும். தேவாரத்தில் அன்னக்கொடியின் தம்பி வீடு. தம்பி பெண்டாட்டி அவளை இரண்டு முறை வாசலோடு திருப்பி அனுப்பியவள். மருந்து வைத்தவள் என்ற பேரோடு இறங்கினால் மலையில் எந்த எஸ்டேட்டிலும் வேலை கிடைக்காது. கூடையோடும் மூட்டையோடும் ஜீப்பில் அந்தப் பேரும் ஏறி, இறங்கி, எல்லா லயத்துக்கும் போய்விடும்.

"அது அவ பாடு," என்றாள்.

"மூடுபனி எறங்க இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு," என்றார் மூசா. "கூட்டைக் காட்டு."

கூட்டை அவள் இன்னும் சுத்தம் செய்யவில்லை. கை வரவில்லை. செத்தவற்றையெல்லாம் ஞாயிற்றுக்கிழமையே கங்காணி குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொல்லிவிட்டார். தார்ப்பாய் அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. மூசா அதைத் தடவிப் பார்த்தார். தண்ணீர் மட்டுமல்ல, காற்றும் நுழையாத கனத்த துணி. பிறகு கூட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

தரையில் எச்சமும் தவிடும் சாம்பலும் மிதிபட்டு அடையாக இறுகியிருந்தன. இரண்டு நாள் ஈரத்தில் எங்கும் கருத்துப் போயிருந்தது, நடுவில் வட்டமாக ஓர் இடம் தவிர. அங்கே மட்டும் எச்சம் வெளுத்து, பொருபொருத்து, ஓடு போல எழும்பியிருந்தது. அந்த வட்டத்துக்குள் மூன்று குழிகள். மாவில் பெருவிரலை அழுத்தி எடுத்தது போல.

"இது என்ன தாயி?"

"எலி தோண்டியிருக்கும்."

"எலி வளை அந்தா மூலையில இருக்கு. பலகையைக் கடிச்சு வெளிய போயிருக்கு. நொண்டிக் குஞ்சு எங்க கெடந்துச்சு?"

ராமுத்தாய் யோசித்தாள். "அந்த எலி ஓட்டைகிட்டதான். மத்ததுக எப்பவும் அதைக் கொத்தி ஓரத்துக்குத் தள்ளிவிட்டுரும். மூக்கை ஓட்டையில வச்சுக்கிட்டுக் கெடந்துச்சு."

"அதுக்குத் தனியாத் தீனி போடுவியா?"

"எல்லாத்துக்கும் ஒரே தட்டுதான்."

"சனிக்கிழமை அது தின்னுச்சா?"

"அதுதான் மொத ஆளா நிக்கும், நொண்டிக்கிட்டே."

வெள்ளைத்துரை அதற்குள் கூட்டை மூன்று சுற்றுச் சுற்றி வந்துவிட்டான். குரலைத் தாழ்த்திக்கொண்டு மூசாவின் காதில் சொன்னான், ராமுத்தாய்க்கு நன்றாகக் கேட்கும்படி.

"மாமா, புடிச்சிட்டேன். கங்காணிதான். போன தீவாளிக்குச் சேவலைக் கேட்டிருக்காரு. இந்தம்மா தரல. அந்தக் காந்தல்."

"சேவலுக்கு ஆசைப்பட்டவன் சேவலையுமா கொல்லுவான்?"

"அது சரி," என்றான் வெள்ளைத்துரை. "அப்ப வேற ஆளு."

அறைக்குள் வந்து அமர்ந்தார்கள். ராமுத்தாய் பாலில்லாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். அறையில் சாமான் அதிகமில்லை. கயிற்றில் இரண்டு கம்பளி. சன்னலுக்குச் சாக்கு. கதவோரம் கனத்த இரும்புச் சட்டி ஒன்று, மூன்று குட்டைக் கால்களோடு. மூசா டம்ளரை அதன் பக்கத்தில் வைத்தார்.

"கங்குச் சட்டியா?"

"ஆமாண்ணே. எங்க வீட்டுக்காரரு ஸ்டோர்ல தீப்போடுற ஆளுல்ல. பட்டறையில வச்சுக் காலை ஒட்ட வச்சுக்கிட்டாரு. மத்தவுகளுக்கெல்லாம் மண்சட்டிதான்."

அது அந்த எஸ்டேட்டின் வழக்கம். பறித்த ஏலக்காயை உலர்த்துவதற்கு ஸ்டோரில் இரவும் பகலும் விறகு எரியும். அடுப்பில் மிஞ்சுகிற கங்கு லயத்துக்குப் பாத்தியம். வேலை முடிந்து வரும்போது மொக்கையன் இரும்புச் சட்டி நிறையக் கங்கை அள்ளி வந்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று இடுக்கியால் எடுத்து அவரவர் மண்சட்டியில் போடுவான். கடைசியில் மிஞ்சுவது அவன் வீட்டுக்கு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் லயம் அந்தக் கங்கின் சூட்டில்தான் தூங்கும்.

"சனிக்கிழமை நல்ல குளிரு இருந்திருக்குமே."

"அன்னைக்குன்னு பாத்துக் கங்கு வரலண்ணே. சட்டியை ஸ்டோர்லயே மறந்து வச்சுட்டு வந்துட்டேன்னாரு. ரெண்டு பேரும் ஒரே கம்பளிக்குள்ள நடுங்கிக்கிட்டுக் கெடந்தோம். ஞாயித்துக்கிழமை சாயந்தரம்தான் சட்டியைக் கொண்டாந்தாரு."

மூசா தலையை ஆட்டினார். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

"அன்னக்கொடியை ஒரு வார்த்தை பாத்துட்டு வர்றேன்."

ராமுத்தாய் கூடவே போனாள். ஆனால் அந்த வாசற்படியை மிதிக்கவில்லை. வெளியே சுவரோரம் நின்றுகொண்டாள்.

அன்னக்கொடி தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். குடம் காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. இரண்டு நாளாகக் குழாயில் அவளுக்கு யாரும் வழிவிடவில்லை. அவளைப் பார்த்ததும் பெண்கள் குடத்தை நெருக்கி வைத்துக்கொண்டார்கள்.

"அந்த டின்னு எங்கம்மா?" என்றார் மூசா.

"கங்காணி எடுத்துட்டுப் போயிட்டாரு."

"அதுல என்ன வச்சிருந்தே?"

"மண்ணெண்ணெய். எஸ்டேட்டுல தூக்கிப் போட்டதைக் கழுவி எடுத்தேன். ரெண்டு வருசமா வெளக்குக்கு அதுலதான் ஊத்தி வைக்கிறேன். மோந்து பாருங்கன்னேன். ஒருத்தரும் பாக்கல."

வெள்ளைத்துரை குறுக்கிட்டான். "நீ ஏன்த்தா மண்ணுக்குள்ள போகும்னு சொன்னே?"

"கோவத்துல சொல்றதுதான். நீ உன் ஜீப்பை ஒருநாளும் திட்டுனதில்லையா?"

மூசா கேட்டார்:

"சனிக்கிழமை ராத்திரி குளிருக்கு என்ன பண்ணுனே?"

"கங்குதான். எப்பவும் போல."

"யாரு கொண்டாந்தது?"

"மொக்கையண்ணன்தான். மழையில சாக்கைப் போத்திக்கிட்டு வந்தாரு. என் சட்டி நெறையப் போட்டாரு. அவரு சட்டியிலயும் பாதிக்கு மேல இருந்துச்சு."

"எந்தச் சட்டி?"

"அவருகிட்ட எத்தனை சட்டி இருக்கு? அந்த மூணுகால் சட்டிதான்."

வெளியே நின்ற ராமுத்தாய்க்கு அது கேட்டது. ஸ்டோரிலேயே மறந்துவிட்டேன் என்றானே. தன்னைக் கம்பளிக்குள் நடுங்க வைத்துவிட்டு இவளுக்குக் கங்கு போட்டிருக்கிறான். அவளுக்குக் கோழி மறந்து போனது. கல்யாணமாகிப் பதினான்கு வருசம். பிள்ளையில்லை. இந்தப் பெண் விதவை, தன்னைவிட நாலு வயது சின்னவள். எல்லாம் ஒரே கணத்தில் வரிசையாக வந்து நின்றன.

மூசா வெளியே வந்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீ நெனைக்கிறது இல்ல தாயி," என்றார். "போய்க் கங்காணியைக் கூட்டிட்டு வரச் சொல்லு மாப்ளேகிட்ட. மொக்கையனையும்."

மூன்று மணிக்குக் குழாய்க்கு முன்னால் எல்லோரும் கூடிவிட்டார்கள். பால்சாமி தொப்பியோடும் பிரம்போடும் வந்தார். மொக்கையன் ஸ்டோரிலிருந்து அப்படியே வந்திருந்தான்; கை, முகம் எல்லாம் கரி. அன்னக்கொடி பெட்டியை வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றாள். மலைமுகட்டில் வெள்ளையாக மூடுபனி எட்டிப் பார்த்தது.

"வெரசாச் சொல்லுங்க பாய்," என்றார் பால்சாமி. "ஜீப்பு எறங்கணும். எனக்கும் சோலி கெடக்கு."

"டின்னை மோந்து பாத்தீகளா கங்காணி?"

"டின்னு மருந்து டின்னு. படம் போட்டிருக்கு. மோந்து வேற பாக்கணுமா?"

"கொண்டாங்க."

கொண்டு வந்தார்கள். மூசா மூடியைத் திறந்து ஆள் ஆளுக்கு நீட்டினார். மண்ணெண்ணெய் வாடை காற்றில் பரவியது. யாரோ இருமினார்கள்.

"சரி. இது மண்ணெண்ணெய் டின்னு. வேற மருந்து வச்சிருக்கலாம்ல, அதையும் பாத்துருவோம். மருந்து தின்ன கோழி எப்படிச் சாகும்? றெக்கையை அடிச்சுக்கிட்டு, கழுத்தைத் திருகிக்கிட்டு, வாயில நுரை தள்ளி, ஆளுக்கொரு மூலையில கெடக்கும். இதுக அடைஞ்ச எடத்துலயே தூங்குற மாதிரி செத்திருக்கு. நொண்டிக் குஞ்சு அதே தட்டுல மொத ஆளா நின்னு தின்னுருக்கு. அது உசுரோட இருக்கு. கழிச்சல் நோயின்னா மொதல்ல ரெண்டு மூணு விழும். கொண்டை கருத்து, வெள்ளையாக் கழியும். ஊசியும் போட்டாச்சு. இதுகளுக்குக் கொண்டை செவப்பு. உசுரோட இருந்ததைவிடச் செவப்பு."

"அதுனால?" என்றார் பால்சாமி.

"அந்தச் செவப்பை நான் ஒருக்கப் பாத்திருக்கேன்." மூசா வெள்ளைத்துரையைப் பார்த்தார். வெள்ளைத்துரை தலையைக் குனிந்துகொண்டான். "மூணு வருசத்துக்கு முன்னாடி. நாப்பத்திரண்டு கோழி லோடு. மழைன்னு தார்ப்பாயைப் போட்டுச் சுத்திக் கட்டிக்கிட்டு எறங்கினோம். ஜீப்போட புகைக்குழாய் ஒடைஞ்சு, கூடைக்குக் கீழ ஊதிக்கிட்டே வந்திருக்கு. எங்களுக்குத் தெரியாது. போடியில அவுத்துப் பாத்தா அத்தனையும் தூங்குற மாதிரி. கொண்டை ரத்தமாச் செவந்திருக்கு. தீனியில மருந்து கலந்துட்டான்னு தவிட்டுக் கடைக்காரன் சட்டையைக் கடைத்தெருவுல வச்சுப் பிடிச்சேன். அப்புறம் மாட்டு டாக்டரு ஒன்னை அறுத்துப் பாத்துட்டுச் சொன்னாரு. வயித்துல ஒன்னுமில்ல, மூச்சுல போன நஞ்சு இதுன்னு. அடைச்ச எடத்துல எரியுற எதுல இருந்தும் வரும். கண்ணுக்குத் தெரியாது. வாடை கெடையாது. அது ஏறுன ரத்தம் செவந்து போகும்."

மூசா கூட்டின் பக்கம் கையைக் காட்டினார்.

"கோழிக்கூட்டுல எது எரிஞ்சுச்சு? அதான் கேள்வி. ராமுத்தாய் கையை விட்டப்ப உள்ள கதகதப்பு. கோழி விறைச்சிருச்சு. விறைச்ச கோழியில சூடு ஏது? தரையில நடுமத்தியில ஒரு வட்டம் வறண்டு கெடக்கு. வட்டத்துல மூணு குழி. மாப்ளே, அந்தச் சட்டியை எடுத்துட்டு வா."

வெள்ளைத்துரை ஓடிப்போய் ராமுத்தாயின் அறையிலிருந்து இரும்புச் சட்டியைத் தூக்கி வந்தான். எல்லோரும் பின்னால் நடந்தார்கள். ராமுத்தாய் கடைசியாக வந்தாள். மூசா சட்டியை வாங்கிக் கூட்டுக்குள் இறக்கினார். கொஞ்சம் திருப்பினார். மூன்று கால்களும் மூன்று குழிகளில் போய் உட்கார்ந்தன.

"மொக்கையா," என்றார் மூசா. அவர் குரல் ஏறவில்லை. "இந்தச் சட்டி சனிக்கிழமை ராத்திரி எங்கே இருந்துச்சு?"

"ஸ்டோர்ல," என்றான் மொக்கையன்.

"அன்னக்கொடி வாசல்ல இதை வச்சுக்கிட்டு நின்னுருக்க. பாதிக்கு மேல கங்கு இருந்திருக்கு."

மொக்கையன் கூட்டைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்க்கவில்லை. பிறகு ஸ்டோரில் விறகை எண்ணுகிற குரலில் பேசினான்.

"தகரத்தை அடைன்னு ஒரு வாரமாச் சொன்னா. அடைக்கல. வந்து பாத்தேன், எல்லாம் நனைஞ்சு நடுங்கிக்கிட்டு நின்னுச்சுக. விடியுறதுக்குள்ள அந்தச் சின்னதுக செத்துப்போகும்னு நெனச்சேன். செத்தா இவ தாங்க மாட்டா. எங்களுக்கு வந்த கங்கை வச்சேன். புகை இல்ல பாய். நல்லா ஊதி, புகையெல்லாம் போனதுக்கப்புறம்தான் வச்சேன். பதினஞ்சு வருசமாத் தீப்போடுறேன், எனக்குத் தெரியாதா, புகைதான் ஆளைக் கொல்லும்னு. புகையில்லாத கங்கு என்ன செஞ்சுரும்னு நெனச்சேன். மேல தார்ப்பாயைக் கட்டுனேன். விடியுமுன்ன இருட்டுல சட்டியை எடுத்துக்கிட்டு ஸ்டோருக்குப் போயிட்டேன். தூங்குதுகன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் ராமுத்தாய்.

"சொன்னா சிரிப்ப. தகரத்தை அடைக்கத் துப்பில்ல, கங்கு வைக்கிறானாம்னு."

அவள் சிரித்திருப்பாள். அது அவளுக்குத் தெரிந்தது.

"ஞாயித்துக்கிழமை?" என்றார் மூசா. "செத்துக் கெடக்குன்னு தெரிஞ்சப்ப?"

"ஸ்டோருக்குச் சேதி வந்தப்பவே அன்னக்கொடிதான் செஞ்சான்னு சேர்ந்து வந்துச்சு. நான் ஓடியாந்தேன். இவ குழாய்கிட்ட நின்னு கத்திக்கிட்டிருந்தா. எல்லாரும் நம்பிட்டாக." மொக்கையன் கரி படிந்த கைகளைப் பார்த்தான். "நானும் நம்பிப் பாத்தேன். முடியல."

பால்சாமி பிரம்பைக் கைமாற்றிக்கொண்டார். யாரும் அவரைப் பார்க்காதபோதும் எல்லோரும் பார்ப்பது போல நின்றார்.

"கங்காணி, ஒரு சேதி," என்றார் மூசா. "லயத்துல கங்கு வச்சுக்கிட்டுக் கதவு, சன்னல் எல்லாம் அடைச்சுப் படுக்க வேண்டாம்னு சொல்லுங்க. சன்னல்ல இருக்குற சாக்கை எடுக்கச் சொல்லுங்க. கோழிக்கு ஆனதுதான் ஆளுக்கும்."

பெண்களில் சிலர் தங்கள் அறைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். ராமுத்தாய் தன் சன்னலைப் பார்த்தாள். அந்தச் சாக்கை அடைத்தது அவள்தான். சனிக்கிழமை மழை தொடங்கியபோது, ஓர் இண்டு இல்லாமல், கத்தி முனையால் குத்திக் குத்தி அடைத்தாள். வழக்கம் போலக் கங்கு உள்ளே வந்திருந்தால்? அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை.

"தவிட்டுக் கடைக்காரன்கிட்ட மன்னிப்புக் கேட்டீகளா மாமா?" என்று வெள்ளைத்துரை மெல்லக் கேட்டான். மூன்று வருசமாக அவன் அதைக் கேட்டதில்லை.

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒன்னும் சொல்லல. அதுக்கப்புறம் எனக்குத் தவிடு விக்கவும் இல்ல."

மூடுபனி தேயிலைச் சரிவைத் தாண்டி ஏலச்செடிகளுக்குள் இறங்கிவிட்டது. வெள்ளைத்துரை ஜீப்பைக் கிளப்பி நிறுத்தினான். பால்சாமி தொண்டையைச் செருமினார்.

"சரி சரி. தெரியாம நடந்துருச்சு. அன்னக்கொடி, நீ இருந்துக்க. நாளைக்கு நாத்தங்கால் வேலைக்கு வந்துரு. பெட்டியை உள்ள வையி."

அன்னக்கொடி குனிந்து பெட்டியைத் தூக்கினாள். எல்லோரும் அவள் அறைப் பக்கம் திரும்புவாள் என்று நினைத்து வழிவிட்டார்கள். அவள் ஜீப்பை நோக்கி நடந்தாள்.

குழாயடியில் நின்ற பெண்ணொருத்தி குடத்தில் தண்ணீர் பிடித்து, அவசரமாக அவளுக்கு முன்னால் கொண்டுபோய் நீட்டினாள். அன்னக்கொடி குடத்தைச் சுற்றிக்கொண்டு போனாள்.

ராமுத்தாய் ஓடினாள். என்ன சொல்வது என்று யோசித்து ஓடவில்லை. ஜீப்பின் பின்படியில் பெட்டி ஏறும்போது அதைக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியாமச் சொல்லிட்டேன். என் வாயி. போகாத அன்னக்கொடி. எங்க போவ? தேவாரத்துல உன்னை வச்சுக்கிற மாட்டாக. உனக்கே தெரியும்."

அன்னக்கொடி பெட்டியை இழுக்கவில்லை. பிடித்த பிடியில் நின்றாள். ராமுத்தாயின் முகத்தைப் பார்த்தாள், கோபத்தோடு அல்ல. பஸ்சுக்கு நிற்கிறவர்கள் பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பார்களே, அப்படி. கயிற்றைப் பிடித்த கை விடுவதற்காகக் காத்திருந்தாள்.

லயம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. மொக்கையன் கூட்டுப் பக்கத்திலேயே நின்றான், நகராமல். மூசா முட்டைக்கூடைகளை ஒதுக்கி வைத்து, ஜீப்பில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் பண்ணினார்.

ராமுத்தாயின் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. அன்னக்கொடி பெட்டியை உள்ளே தள்ளி ஏறி, காலை மடக்கி உட்கார்ந்து, சேலையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். வெள்ளைத்துரை வண்டியை எடுத்தான். முதல் வளைவு வரைக்கும் அவளுடைய முதுகு தெரிந்தது. அதற்கப்புறம் பனிக்குள் வண்டியின் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.